குறையை நிரப்பிய கதை

மகனுக்குச் சீருடை தைக்கத் துணியோடு அவனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எங்களூர்த் தையல்காரர் பழைய ஆள். நான் படிக்கிற காலத்தில் போட்ட வெள்ளைச் சட்டைகளும் அவர் கையால் தைத்தவைதான். எல்லாருடைய அளவையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பார். அடுத்த வருசம் போனால் முதலில் அந்தக் கொப்பியைத்தான் புரட்டுவார். இந்த முறையும் புரட்டினார். நாடாவை மகனின் இடுப்பில் சுற்றினார், கொப்பியைப் பார்த்தார், சந்தேகம் வந்து மறுபடி சுற்றினார்.

"போன வருசம் 23. இப்ப 26. உயரம் ரெண்டு இஞ்சிதான் கூடியிருக்கு, இடுப்பு மூணு இஞ்சி கூடிட்டு. நல்லாத் தேறிட்டான் டீச்சர்."

கடைசி வார்த்தையை அவர் சந்தோசமாகத்தான் சொன்னார். ஒன்பது வருசத்துக்கு முன் இந்தத் 'தேறிட்டான்' என்ற ஒரு சொல்லுக்காக நான் மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தவள். இப்போது அதே சொல் காதில் விழுந்ததும் வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது. அரைக் காற்சட்டைக்கு இடுப்பில் இன்னும் ஒரு இஞ்சி விட்டுத் தைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவன் பிறந்தது 2016இல், 31 வாரத்தில். காலில் வீக்கம், விடாத தலையிடி. பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் நடத்துவதால் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் வழக்கம்போல வீட்டுக்கு வந்தவர் பிரசரைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இப்பவே வெளிக்கிடுங்க, உடுப்புப் பெட்டி பின்னால வரட்டும்" என்றார். களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போகும் அந்தத் தெருவில் எத்தனை நூறு தரம் போயிருப்பேன்! அன்றைக்குத்தான் அது அவ்வளவு நீளம் என்று தெரிந்தது. அன்றிரவே சத்திரசிகிச்சை. மகனின் நிறை 1420 கிராம்.

கடையில் ஒரு றாத்தல் பாண் என்று வாங்குகிறோமே, அது 450 கிராம். மூன்று பாணும் கொஞ்சமும் சேர்ந்தால் என் பிள்ளை. முதல் கிழமையில் அதிலும் குறைந்து 1290க்கு வந்தான். எல்லாக் குழந்தைக்கும் முதல் நாட்களில் நிறை குறையும், பயப்படாதே என்று சொன்னார்கள். மூன்று கிலோவில் 200 கிராம் குறைவது வேறு, இது வேறு என்றுதான் மனம் கணக்குப் போட்டது.

37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. உலகத்தில் பத்தில் ஒரு குழந்தை அப்படித்தான் பிறக்கிறது. 2020இல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இதெல்லாம் பிறகு வாசித்தது. அன்றைக்கு எனக்கு ஆறுதல் சொன்னது என் பாட்டி, எங்கள் பேச்சில் பெத்தா, அவ மட்டும்தான். "ஏழு மாசப் புள்ள தங்கும் கிளி, எட்டு மாசத்துலதான் தங்காது." 31 வாரம் என்றால் எட்டாம் மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் அவவுக்குச் சொல்லவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்தான். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம் சேர்க்கும், ஏழைவிட எட்டு நல்லது என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்தப் பொய்க் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் நாலு இரவு தூங்கினேன்.

பி.பி.யு என்று சொல்லும் அந்தக் குறைமாதக் குழந்தைப் பிரிவில் காலை எட்டு மணிதான் எங்கள் உலகம். தராசில் வைத்து எழுதுவார்கள். வெளியில் நிற்கும் தாய்மாருக்கு வேறு பேச்சே கிடையாது. "உங்கட எவ்வளவு?" "இருவது கூடியிருக்கு." "என்ட பத்துத்தான்." இருபது கிராம் என்றால் தேத்தண்ணிக்குப் போடும் நாலைந்து கரண்டி சீனி. அதற்காக அழுத தாய்மார் உண்டு, சிரித்த தாய்மார் உண்டு. காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி, அவளுக்கு இரட்டைக் குழந்தைகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். அவள் முகத்தைப் பார்த்து எந்த நாள் நல்ல நாள் என்று சொல்லவே முடியாது.

கையால் பீய்ச்சி எடுத்த பாலை மூக்கு வழியாகப் போட்ட குழாயில் விடுவார்கள். முதலில் ஒரு மில்லிலீற்றர், பிறகு இரண்டு. சீம்பாலைத் துளித் துளியாக ஊசிக்குழாயில் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன், தங்கம் நிறுப்பது மாதிரி. பிறகு கங்காரு முறை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்கியுபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில், எட்கர் ரே சனாப்ரியா என்ற டொக்டர் தொடங்கி வைத்தது. குழந்தையைத் தாயின் நெஞ்சுத்தோலோடு நிமிர்த்தி வைத்துக் கட்டிவிடுவது, அவ்வளவுதான். இப்போது நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்கிறார்கள். மகனின் அப்பாவும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். நெஞ்சில் முடி குத்துமோ என்று நேர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டதுதான் அந்த ஐந்து வாரத்தில் நான் வாய்விட்டுச் சிரித்த ஒரே தருணம்.

ஐந்து வாரம் முடிந்து, 1950 கிராமோடு வீட்டுக்கு வந்தோம். வரும்போது சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: நிறை கூட வேண்டும்.

எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூர்க்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பிறக்கிற பிள்ளையைச் சுற்றி அதன் அம்மா மட்டும் இல்லை. அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, பெத்தா என்று ஒரு படையே நிற்கும். படைக்குத் தளபதி பெத்தா. எனக்கு மூன்று வேளையும் சரக்கரைத்த மீன் குழம்பு, பால்சுறா வறை, உள்ளிப் பொரியல். எல்லாம் பால் ஊறுவதற்கு. ஊறவும் செய்தது.

பெத்தாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவவுடைய முதல் பிள்ளை படுவான்கரையில், வீட்டில் பிறந்து, ஒன்பதாம் நாள் போய்விட்டது. "பால உறிஞ்சத் தெம்பில்லாமக் கிடந்துச்சி, பஞ்சுல நனைச்சுத்தான் விட்டன்" என்று அவ சொல்லும்போது அறுபது வருசத்துக்குப் பிறகும் குரல் உடையும். 1978 நவம்பர் சூறாவளி தென்னைகளை அடியோடு சாய்த்துவிட்டுப் போன பிறகு பிள்ளைகளுக்கு மரவள்ளிக் கிழங்கையே மூன்று வேளையும் அவித்துக் கொடுத்தவ. அதன் பிறகு வந்த இடப்பெயர்வுகளின் கதை தனி. சோறு மிச்சம் இருக்கும்போது பிள்ளை 'போதும்' என்று சொன்னால், அவவைப் பொறுத்தவரை அது பிள்ளை சொல்வதில்லை, வருத்தம் சொல்வது.

இதில் தமிழும் கூட்டுச் சேர்ந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. குறைமாதம். குறை. குறை என்று ஒன்று இருந்தால் அதை நிரப்ப வேண்டும் அல்லவா? வந்து பார்த்தவர் எல்லாரும் அந்தக் குறையைத்தான் பார்த்தார்கள். கை மெலிவு, கன்னம் ஒட்டல். பாத்திரத்தின் விளிம்பு எங்கே என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அரசாங்க ஊழியைக்குப் பிரசவ லீவு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள். அதில் ஐந்து வாரம் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. சம்பளம் பாதியானாலும் பரவாயில்லை என்று இன்னும் இரண்டு மாதம் எடுத்தேன். அதுவும் முடிந்தது. பட்டிருப்புப் பாலம் கடந்து அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போகத் தொடங்கியதும், பகல் முழுக்க அவன் பால்மாவில்தான் வளர்ந்தான்.

இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். டின்னில் இத்தனை தண்ணீருக்கு இத்தனை கரண்டி என்று போட்டிருக்கும். நான் ஒரு கரண்டி கூடப் போடச் சொன்னேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, என் சொந்த மூளை. பள்ளிக்கூடத்தில் செறிவு, கரைசல் என்று பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்து, வீட்டில் பிள்ளையின் போத்தலில் செறிவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் போதாத அந்தப் பால் சிறுநீரகத்துக்குப் பாரம், மலச்சிக்கல் வரும், தாகத்தில் பிள்ளை அழும், அழுவதைப் பசி என்று நினைத்து இன்னொரு போத்தல் கரைப்போம். இதுதான் நடந்தது, மாதக் கணக்கில். கிளினிக்கில் தாய்மாருக்கென்று எனக்குத் தந்த திரிபோஷா என்ற சத்துமாவைப் பெத்தா தன் பங்குக்குத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து, அவன் சாப்பிடத் தொடங்கியதும் அவன் வாய்க்குள் வைத்தா.

பலன் தெரிந்தது. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில், நாங்கள் கிளினிக் கொப்பி என்போமே, அதில் கோடு ஏறு ஏறென்று ஏறியது. முதல் பிறந்தநாளுக்கு 10.1 கிலோ. கோடு பச்சைப் பட்டைக்குள். தொடையில் மூன்று மடிப்பு. தெருவில் கொண்டுபோனால் கண்ணூறு படும் என்று நெற்றியிலும் கன்னத்திலும் பொட்டு. வந்து குறை சொன்ன அதே ஆட்கள் இப்போது வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். வாழ்க்கையில் நான் ஒரு பரீட்சையில் இத்தனை பெருமையோடு சித்தியடைந்தது கிடையாது.

சளிக்காகக் காட்டப் போன இடத்தில் ஒரு பிள்ளை வைத்தியர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். நிறையின் பக்கத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி, "நீளம் ஏன் போடல்ல?" என்றார். அந்தப் பக்கம் ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்தது. கிளினிக்குக்குப் போனால் தராசை நோக்கித்தான் நான் ஓடுவேன். நீளம் எடுக்கப் பலகையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், ஒருவர் தலையைப் பிடிக்க ஒருவர் காலை நீட்ட வேண்டும், பிள்ளை கத்தும். நானே பலமுறை, சளி, காய்ச்சல், பிறகு எடுப்போம் என்று தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் அன்றைக்குப் பலகையை எடுத்து அளந்தார். 70.5 சென்ரிமீற்றர்.

மறுகா அவர் ஒரு கணக்குச் சொன்னார். அவன் ஒன்பது வாரம் முந்திப் பிறந்தவன், ஆகவே இரண்டு வயது வரை அவனுடைய வயதில் அந்த ஒன்பது வாரத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இன்றைக்கு அவனுக்கு ஒரு வயது இல்லை, பத்து மாதம். பத்து மாத ஆண்பிள்ளையின் நடுத்தர நிறை 9.2 கிலோ, நீளம் 73 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். என் மகன் நிறையில் முன்னுக்கு, நீளத்தில் பின்னுக்கு. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பரவாயில்லை. நீளத்துக்கு ஏற்ற நிறை என்று மூன்றாவது கோடு ஒன்று இருக்கிறது. அதில் புள்ளி வைத்தபோது அது அதிநிறையின் எல்லையில் போய் நின்றது. "அம்மா, இவர் வளர்ந்ததை விடப் பருத்தது கூட" என்றார். அவர் திட்டவில்லை. ஆனாலும் அன்று ஓட்டோவில் வரும் வழியெல்லாம் நான் அவருடன் மனதுக்குள் சண்டை பிடித்தேன். பி.பி.யுவில் பத்துக் கிராமுக்கு அழுதவர்கள் நாங்களா, அவரா?

சண்டை முடிந்து நான் வாசிக்கத் தொடங்கப் பல வருசம் ஆனது. உண்மையைச் சொன்னால் அந்தத் தையல்காரரின் நாடாதான் என்னை உட்கார்ந்து வாசிக்க வைத்தது.

முதலில் விளங்கியது இது: கருவிலுள்ள குழந்தைக்குக் கொழுப்புச் சேர்வது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். முந்திப் பிறந்த பிள்ளை அந்த வேலையை வெளியே, குளிரிலும் வெளிச்சத்திலும், குழாயில் வரும் பாலை வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. செய்து முடித்து, பிறக்க வேண்டிய தேதிக்கு வரும்போது அது நிறைமாதக் குழந்தை மாதிரி இருப்பதில்லை. நீளம் குறைவு, தசை குறைவு, உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுதல். 2005இல் லண்டனில் இப்படிப் பிறந்த குழந்தைகளைக் காந்தப் படக் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். மொத்தக் கொழுப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேர்கிற கொழுப்பு நிறைமாதக் குழந்தையை விட அதிகம். பிற்காலத்தில் சீனி வருத்தத்தோடும் இருதய வருத்தத்தோடும் சம்பந்தப்படுவது இந்த உள்கொழுப்புத்தான். தராசுக்குத் தசையும் ஒன்றுதான், கொழுப்பும் ஒன்றுதான். இருபது கிராம் கூடியது என்று நாங்கள் கூத்தாடிய காலையில் எந்த இருபது கூடியது என்று கேட்க ஆளில்லை.

அப்படியானால் மெல்ல வளர விட்டிருக்கலாமா? இங்கேதான் சிக்கல். 1980களில் இங்கிலாந்தில் அலன் லூகாஸ் என்பவரின் குழு குறைமாதக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குச் சத்துக் கூட்டிய பால்மாவும் மற்றப் பகுதிக்குச் சாதாரணப் பால்மாவும் சில வாரம் மட்டும் கொடுத்தது. ஏழரை, எட்டு வயதில் சோதித்தபோது சத்துப் பால் குடித்த ஆண்பிள்ளைகள் மொழி அறிவில் தெளிவாக முன்னுக்கு நின்றார்கள். அதே பிள்ளைகள் 13 முதல் 16 வயதுக்கு வந்தபோது இரத்தத்தைச் சோதித்தார்கள். இப்போது கதை தலைகீழ். சாதாரணப் பால் குடித்தவர்களின் உடம்புதான் இன்சுலினுக்கு ஒழுங்காகப் பணிந்தது, சத்துப் பால்காரருக்குப் பிற்காலச் சீனி வருத்தத்தின் முன்னடையாளம் இருந்தது. மூளைக்குக் கொடுத்தது உடம்பில் வேறொரு கணக்கில் பற்று எழுதப்பட்டிருக்கிறது. இதை வாசித்த அன்றிரவு, பி.பி.யுவில் பாலில் கலந்து கொடுத்த சத்துத் தூளை நினைத்தேன். அதைக் கொடுத்தது சரிதான். மூளை வளர்கிற அந்த வாரங்களைப் பட்டினி போட யாருக்குத் துணிச்சல் வரும்? எனக்கு வராது.

ஆகவே கேள்வி எவ்வளவு என்பதைவிட எதுவரை என்பதுதான். அமெரிக்காவில் 1980களின் நடுப்பகுதியில் பிறந்த குறைமாதக் குழந்தைகளைப் 18 வயது வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் இதற்கு எனக்கு வேண்டிய பதில் கிடைத்தது. பிறக்க வேண்டிய தேதியிலிருந்து நாலு மாதம் வரை, நீளத்தை மிஞ்சி ஏறிய நிறையால் கூடப் புத்திக்குக் கொஞ்சம் நன்மை தெரிந்தது. அதற்குப் பிறகு அப்படி ஏறியதால் கூடியது பிற்காலப் பருமன் மட்டும். நீளமாக வளர்ந்ததால் வந்த நன்மை வேறு, அது நீடித்தது. நாலு மாதம்! நான் லீவு முடிந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, அந்தக் கூடுதல் கரண்டியைப் போடச் சொன்ன மாதம் அது. பாத்திரம் நிரம்பிய பிறகுதான் நான் ஊற்றத் தொடங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம்மவர்களைப் பற்றியது. இந்தியாவின் பூனாவில் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார் யாஜ்னிக் என்ற வைத்தியர். அங்கே சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7. தசை, வயிறு, தலை எல்லாம் சிறிது. முதுகில் தோளெலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளி அளந்த கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த கொழுத்த குழந்தை என்று அதற்குப் பேர் வைத்தார்கள். தெற்காசியப் பிள்ளை நிறைமாதத்திலேயே அப்படிப் பிறக்கிறது என்றால், முந்திப் பிறந்த நம் பிள்ளைக்கு இரண்டு காரணம் சேர்கிறது. எங்களூரில் நாற்பது வயதில் இடுப்புப் பருக்காமலே சீனி வருத்தம் வந்த ஆசிரியர்களை என் ஓய்வறையிலேயே எண்ணிக் காட்டுவேன்.

இதை வாசிக்கும் தாய் யாராவது பயந்துவிடக் கூடாது. குறைமாதத்தில் பிறந்தவர் எல்லாரும் பருப்பதில்லை. பின்லாந்தில் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்து வளர்ந்த இளைஞர்களைச் சோதித்தபோது அவர்கள் மற்றவர்களைவிடப் பருத்திருக்கவில்லை. கொஞ்சம் கட்டை, தசை குறைவு, இரத்த அழுத்தமும் இன்சுலினும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆகவேதான் நிறையை மட்டும் பார்ப்பது இரண்டு பக்கமும் ஏமாற்றும். மெலிந்தவனைப் பார்த்து நிம்மதியடைவதும் பிழை, பருத்தவனைப் பார்த்து அவன் பிறப்பைக் குற்றம் சொல்வதும் பிழை.

என் மகனின் கதையில் பிறப்புக்கு எத்தனை பங்கு, எனக்கு எத்தனை பங்கு என்று யோசித்துப் பார்த்தேன். அந்த டொக்டரின் பலகைக்குப் பிறகு கரண்டியைக் குறைத்தோம், திரிபோஷா உருண்டையை நிறுத்தினோம், பெத்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நடக்கத் தொடங்கியதும் அவன் வற்றினான். மூன்று வயதில் எல்லாப் பிள்ளைகளையும் போல எலும்பும் தோலும். இது இயற்கை. ஒரு வயதுக்குப் பிறகு பிள்ளைகள் உயரத்துக்கு மெலிந்துகொண்டே வந்து, ஐந்தாறு வயதில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகுதான் மறுபடி சதை போடத் தொடங்கும். அந்தத் திருப்பம் எவ்வளவு முந்தி வருகிறதோ அவ்வளவுக்குப் பிற்காலப் பருமனுக்கு வாய்ப்புக் கூட.

அவனுக்கு அது நாலு வயதில் வந்தது. 2020. ஊரடங்கு. கேற்றைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தோம். கையில் ஃபோன், பக்கத்தில் பிஸ்கற். ஊரடங்கை மட்டும் சாட்டவும் முடியாது. அதற்கு முன்பே அவனை உட்கார வைத்தது நான். பிறந்தபோது மூச்சுக்குக் கஷ்டப்பட்டவன், சுவாசப்பை பலவீனம் என்று எனக்குள் ஒரு பயம். பந்தை எடுத்தால், "ஓடாத மகன், மூச்சு வாங்கும்." மழை இருண்டால் உள்ளே. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பாடத்துக்கு விலக்குக் கடிதம் கூட ஒரு தவணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வைத்தியர் ஒருவரும் அவனை ஓட வேண்டாம் என்று சொல்லவில்லை. குறைமாதம் என்ற சொல் அவனுக்குப் பிறப்பில் வந்தது, அதை ஒன்பது வயது வரை அவன் முதுகில் கட்டி வைத்தது வீட்டார்.

இப்போது ரியூசன் வேறு. அடுத்த வருசம் புலமைப்பரிசில் பரீட்சை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சோறு தின்று, மூன்று மணிக்கு ஒரு வகுப்பு, ஐந்து மணிக்கு இன்னொன்று. நடுவில் வாசலில் நிற்கிற வண்டியில் ஒரு ரோல்ஸ், ஒரு சோடா. சோடாப் போத்தலில் சீனியின் அளவைக் காட்ட சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போட வேண்டும் என்று 2016இல் சட்டம் வந்தது. என் மகனும் அதே வருசத்துப் பிறவிதான். அவன் அந்த வட்டத்தை நன்றாகவே அறிவான். "சிவப்புத்தான் ருசி அம்மா" என்கிறான். என்ன செய்ய?

ஐந்து மணி வகுப்பை நிறுத்தினேன். சொல்லும்போது சின்ன வசனம், ஆனால் ஆசிரியை வீட்டில் அது ஒரு குடும்ப யுத்தம். "மற்றப் புள்ளையள் படிக்கக்குள்ள நம்மட புள்ள பந்தடிக்கிறதா?" என்று அவன் அப்பா கேட்டார். அவர்தான் இப்போது பின்னேரம் அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறார். முதல் நாள் நூறு யார் ஓடிவிட்டு மகன் மணலில் உட்கார்ந்துவிட்டான். நான் வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மூச்சு வாங்கியது, பிறகு அடங்கியது, பிறகு மறுபடி ஓடினான். எல்லாப் பிள்ளைக்கும் மூச்சு வாங்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிய வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அவனை மெலிய வைக்க நான் முயலவில்லை. வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடுவது இன்னொரு பிழை. 128 சென்ரிமீற்றர் உயரம், 32 கிலோ. நிறை இப்படியே கொஞ்ச காலம் நின்று, உயரம் அதை எட்டிப் பிடித்தால் போதும் என்றார் இப்போது காட்டுகிற டொக்டர். சோறு அதே சோறுதான். மீன் கூட, கீரை கூட, எருமைத் தயிருக்குப் பாணி ஊற்றுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். இரத்த அழுத்தத்தை வருசத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

தராசை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு நூல். இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, ஐந்து வயதுக்கு மேலே பிள்ளைக்கும் பெரியவருக்கும் பொது. உச்சியிலிருந்து குதிவரை நூலைப் பிடித்து வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்ற வேண்டும். இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் சரி. மகனுக்கு விரல் நுனி அகலம் இடைவெளி விழுந்தது. அவனுக்கு அது பெரிய விளையாட்டாகப் போய்விட்டது. நூல் பந்தைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க அலைந்தான். எனக்கு முனைகள் பட்டும் படாமலும் நின்றன. அப்பாவுக்கு ஒரு சாண் இடைவெளி, அவர் மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தும் சரிவரவில்லை. கடைசியில் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பெத்தாவிடம் போனான். கூனிப்போன அவவைச் சுவரோடு நிமிர்த்தி நிறுத்தி அளந்து, மடித்து, சுற்றினான். நூல் இடுப்பைச் சுற்றி வந்து அரைச் சாண் மிச்சமாகத் தொங்கியது.

பெத்தா அந்தத் தொங்கலைப் பிடித்துப் பார்த்தா.

"எனக்கு இவ்வளவு குறையுது மனே. உன்ட அம்மாட்டச் சொல்லி இன்னொரு அகப்பைச் சோறு போடச் சொல்லு."